மொட்டை மாடிப் பூச்சாண்டி

கேள்வி: எனக்கு 46 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். சின்ன வயதில் பாட்டி, "மாடியில பூச்சாண்டி இருக்கான்" என்று சொல்லிச் சொல்லியே சோறு ஊட்டுவார். இன்றைக்கும் இருட்டிய பிறகு மொட்டை மாடிக்குத் தனியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க முடியவில்லை. அர்த்தமில்லாத பயம் என்று எனக்கே தெரிகிறது. மனைவியும் மகனும் சிரிக்கிறார்கள். இந்தப் பயத்தை வெல்வது எப்படி?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு)

பதில்: பெயர் போட வேண்டாம் என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பூச்சாண்டியைவிட ஈரோட்டுக்காரர்களிடம்தான் பயம் அதிகம் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. சரி, போடவில்லை.

முதலில் அந்தப் பூச்சாண்டி. இந்தச் சொல்லை இந்தப் பக்கத்தில் அச்சடித்தால் போதும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து பத்து நாளில் ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும். பன்னிரண்டு வருடமாக வருகிறது. "பூச்சு + ஆண்டி, உடம்பெல்லாம் நீறு பூசிய ஆண்டி, இதுகூடத் தெரியாமல் ஒரு பத்திரிகை, அதற்கு ஒரு ஆசிரியர்." நானும் ஒவ்வொரு முறையும் பெரியாழ்வாரைக் காட்டுவேன். அவர் ஒரு பதிகம் முழுக்கக் குட்டிக் கண்ணனை "அப்பூச்சி காட்டுகின்றான்" என்று பாடி வைத்திருக்கிறார். அப்பூச்சி காட்டுவது என்றால் கண் இமையைத் திருப்பி மடித்து, உள்ளே இருக்கிற சிவப்பைக் காட்டி எதிராளியை மிரட்டுவது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த அப்பூச்சிதான் உங்கள் மாடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பாட்டன் என்பது என் கட்சி. தமிழாசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். வேண்டாம். எனக்கு அந்தப் பதிகத்தில் பிடித்ததே வேறு: அங்கே மிரட்டுகிறது குழந்தை, "அம்மனே" என்று அலறுகிறவர்கள் பெரியவர்கள். நடுவில் எந்த நூற்றாண்டில் பெரியவர்கள் சோற்றுக் கிண்ணத்தோடு எதிர்க்கட்சிக்குத் தாவினார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் நல்லது.

எங்கள் நான்காம் வகுப்பில் இமையை மடிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் மடிப்பான். பார்க்க ஒரு நெல்லிக்காய் கட்டணம், நிறுத்தச் சொல்ல இரண்டு நெல்லிக்காய். பள்ளிக்கூடமே நடுங்கிய கணக்கு வாத்தியார் ஒரு நாள் அவனைப் பின்னாலிருந்து தோளைத் தட்டிக் கூப்பிட, அவன் மடித்த கண்ணோடு அப்படியே திரும்ப, வாத்தியார் கையிலிருந்து பிரம்பு விழுந்தது. விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவருக்கு யாரும் பயப்பட்டதாக நினைவில்லை.

எங்கே விட்டேன்? "அர்த்தமில்லாத பயம்" என்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டி பாவம், அவருக்கு அர்த்தம் தெரியும். அந்தக் காலத்து மாடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடிச் சுவர் இருந்தால் முழங்கால் உயரம், பல வீட்டில் அதுவும் கிடையாது. கிணற்றுக்கு மேடைச் சுவர் பாதி இடிந்திருக்கும். ஒரு பாட்டிக்கு ஏழெட்டுப் பேரப் பிள்ளைகள், அடுப்பில் உலை. ஊரில் எங்கெல்லாம் பிள்ளை விழுந்து சாகுமோ அங்கெல்லாம் ஒருத்தரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். மாடிக்குப் பூச்சாண்டி, கிணற்றுக்கு ஒரு மோகினி, புளியந்தோப்புக்கு ஒரு முனி. எல்லாம் சம்பளம் வாங்காத வாட்ச்மேன்கள். நீங்களும் விழாமல் வளர்ந்து மேலாளர் ஆகியிருக்கிறீர்கள், ஆக அந்த ஆள் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார். என்ன, பாட்டி போகும்போது அவருக்கு ரிட்டையர்மென்ட் கொடுக்க மறந்துவிட்டார், அவர் இன்னும் டூட்டியில் இருக்கிறார்.

நீங்கள் கேட்காவிட்டாலும் என் கதையைச் சொல்கிறேன். எனக்குக் குடுகுடுப்பை. விடியற்காலை நாலரை மணிக்கு, கயிற்று முடிச்சு தோலில் மாறி மாறி அடிக்கிற அந்தச் சத்தம், பின்னாலேயே "நல்ல காலம் பொறக்குது, நல்ல காலம் பொறக்குது" என்று ஒரு குரல். யோசித்துப் பாருங்கள், ஊரில் நல்ல சேதி மட்டுமே சொல்லிக்கொண்டு வருகிற ஒரே மனுஷன், அவர் வந்தால் தெரு முழுக்கத் தாழ்ப்பாள் விழும். கடன் வசூலிக்க வந்தவருக்கு மோர் கொடுத்த வீடு எங்கள் வீடு. பாட்டி சொன்னது, அவர் சுடுகாட்டிலிருந்து நேராக வருகிறார், கையில் மை இருக்கிறது, மந்திரம் போட்டு நாயின் வாயைக் கட்டிவிடுவார், அதனால்தான் அவர் வரும்போது ஒரு நாயும் குரைப்பதில்லை. அப்புறம் நான் கல்லூரி முடித்து, கல்யாணமாகி, மூடநம்பிக்கையைக் கண்டித்து இதே பத்திரிகையில் மூன்று தலையங்கம் எழுதினேன். அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் கால் கட்டைவிரல் தானாகப் போர்வைக்குள் போய்விடும். தலையங்கம் கட்டைவிரல் வரைக்கும் எட்டவில்லை.

போன மார்கழியில் பால் வாங்க இறங்கியவன் தெருமுனையில் நேருக்கு நேராக மாட்டிக்கொண்டேன். தலைப்பாகை, முழங்கால் வரை ஒரு கறுப்புக் கோட்டு, தோளில் பழந்துணி மூட்டை. பால் பாக்கெட் கையில் வழுக்குகிறது. என்ன குறி சொல்லப்போகிறாரோ என்று நிற்கிறேன். அவர் குடுகுடுப்பையை இடுப்பில் செருகிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், அந்தப் பச்சை கேட்டு வீட்டு நாய் கட்டிப் போட்டிருக்கா, அவுத்து விட்டிருக்காங்களா?" என்றார். மூன்று வாரத்துக்கு முன்னால் கெண்டைக்காலில் பிடித்துவிட்டதாம். நாலு ஊசியில் கடைசி ஊசி இன்னும் பாக்கியாம். கோட்டைத் தூக்கிக் காயத்தைக்கூடக் காட்டினார், நாலு பல் பதிந்த இடம் ஆறிக் கறுத்திருந்தது. நான் அவரை அந்த வீடு தாண்டும் வரை கூட நடந்து கொண்டுபோய் விட்டேன். இரண்டு பேரும் பயந்துகொண்டேதான் நடந்தோம், அவர் நாய்க்கு, நான் அவருக்கு. பயம் போய்விட்டதா என்று கேட்டால், பாதி போயிருக்கிறது. மீதி அந்தப் பச்சை கேட்டு பக்கம் சாய்ந்துவிட்டது.

இதிலே சிரிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. நம் பாட்டிமார் காவலுக்கு நிறுத்திய மனிதர்களை எண்ணிப் பாருங்கள்: ஆண்டி, குடுகுடுப்பைக்காரர், சாக்குப் பை தூக்கி வருகிறவர், பிள்ளை பிடிக்கிறவர். அத்தனை பேரும் வெளியூர் ஏழைகள். எந்தப் பாட்டியும் மிராசுதாரைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டவில்லை. அந்தப் பயம் ஊரோடு சேர்ந்து வளர்ந்தால் என்ன ஆகும் என்று 2018 மே மாதம் பார்த்தோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்கு வழி கேட்ட இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த பாவத்துக்கு, அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாவை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் சோறு ஊட்டிக்கொள்கிற வயதுக்காரர்கள் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தர், "அர்த்தமில்லாத பயம் என்று எனக்கே தெரிகிறது" என்று உங்களைப் போல எழுதியிருந்தால், அவருக்கு இந்த இதழில் நாலு பக்கம் ஒதுக்கியிருப்பேன். நீங்கள் மாடிப்படியோடு நின்றுகொள்கிறீர்கள், தொட்டி நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான் நஷ்டம்.

அடுத்தது "வெல்வது எப்படி". எனக்குப் பிடிக்காத சொற்களில் இது இரண்டாவது, முதலாவது "சுயமுன்னேற்றம்". வாரத்துக்கு நாலு புத்தகம் மதிப்புரைக்கு வருகிறது, எல்லாவற்றின் அட்டையிலும் யாரோ ஒருவர் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். மலை ஏறினவருக்கு எதற்கு ஐயா புத்தகம்? பயம் என்ன, கோப்பையா கேடயமா, வென்று அலமாரியில் வைக்க?

உருப்படியாகச் சொன்ன ஒருத்தரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1920இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் ஒரு வேலை பார்த்தார். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடிக்க வைத்து அதற்குப் பயத்தை ஏற்படுத்தினார். எலியில் ஆரம்பித்த பயம் முயல், நாய், ரோமக் கோட்டு, பஞ்சுத் தாடி வைத்த முகமூடி வரைக்கும் போயிற்று. பயத்தை எடுக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். நம் பாட்டிகள் சுத்தியல் இல்லாமலேயே இதைச் செய்தவர்கள், அது வேறு. பயத்தை எப்படி எடுப்பது என்று பார்த்தவர் மேரி கவர் ஜோன்ஸ். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுப் பையன் விரும்பித் தின்கிறதைத் தின்னும்போது, கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கூண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. முயலுக்குப் பயப்படாத வேறு பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார். கடைசியில் முயல் விரலைக் கொறிக்கப் பையன் சும்மா விட்டுக்கொண்டிருந்தான். 1924இல் எழுதிவிட்டார். அவசரப்பட்டு முயலைக் கிட்டே கொண்டுபோனால் காரியம் தலைகீழாகி, பையனுக்குத் தின்பண்டமே பிடிக்காமல் போய்விடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

ஆக, ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்குங்கள். இருட்டினதும் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், எழுந்து வந்துவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். நாலு நாள் கழித்து மூன்றாவது படி. நெஞ்சு படபடத்தால் ஒரு படி இறங்குங்கள், யாரும் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. சிரிக்கிற மகனையும் கூட்டிக்கொள்ளுங்கள், பயப்படாத பிள்ளைக்கு மருத்துவப் பயன் உண்டு என்று மேலே பார்த்தோமே. கடலையில் பாதி அவனுக்குப் போகும், பரவாயில்லை. மாடிக் கதவுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகட்டும். கொடியில் எடுக்க மறந்த வேட்டி ஒன்று அங்கே நிச்சயம் ஆடிக்கொண்டிருக்கும், அதைப் பகலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். பயம் மாடியோடு நிற்காமல் தூக்கம், வேலை, வண்டி ஓட்டுவது வரை வந்தால் கடலை போதாது, மனநல மருத்துவரிடம் போங்கள். அவரும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்ய வைப்பார், பொட்டலம் மட்டும் இருக்காது.

மேலாளர் என்று போட்டிருக்கிறீர்களே, அதையும் விட மனசில்லை. தொல்காப்பியர் பயம் பிறக்கிற இடம் நான்கு என்கிறார்: அணங்கு (பேய், பூதம் வகையறா), விலங்கு, கள்வர், இறை. கடைசி ஆள் ராஜா, மேலதிகாரி வகையறா. உங்கள் அலுவலகத்தில் உங்கள் அறைக் கதவு வரை வந்து, மூச்சை இழுத்துவிட்டு, தட்டாமல் திரும்பிப் போகிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள்தான் மொட்டை மாடி. மேசையில் கொஞ்சம் கடலை வையுங்கள்.

தொட்டி நிறைந்தால் குரல் கொடுக்கிற அலாரம் ஒன்று விற்கிறார்கள், வாங்கினால் மாடிக்குப் போகும் வேலையே இல்லை என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் மாட்டினோம். கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி, இரண்டு மணிக்கு, இருட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் நிதானமாக, "தொட்டி நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்" என்றாள். மோட்டார் ஓடவே இல்லை. மறுநாள் கழற்றிவிட்டோம்.

தமிழாசிரியர் ஐயாவுக்கு: கடிதம் கிடைத்ததும் பதில் போடுவேன், பெரியாழ்வாரோடுதான்.

ஈரோட்டுக்காரரே, நீங்கள் பயப்பட வேண்டிய ஒன்று மாடியில் நிஜமாகவே இருக்கலாம். தொட்டி மூடி சரியாக உட்காராவிட்டால் ஏடிஸ் கொசு உள்ளே முட்டை போடும், டெங்கு அதனால்தான் வருகிறது. அந்தக் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும்.