கழுத்தில் போடுவது விஷ ஊசியா?

கேள்வி: வயது 36. எட்டு மாதமாகத் தலை தானாக வலப்பக்கம் திருகிக்கொள்கிறது. கன்னத்தில் விரல் வைத்தால் மட்டும் நேராகிறது. 'டிஸ்டோனியா' (தசைகள் தானாக இறுகித் திருகிக்கொள்ளும் நோய்) என்று சொல்லி, நரம்பியல் மருத்துவர் போட்டுலினம் ஊசி போடச் சொல்கிறார். அது கொடிய விஷம், மூச்சை நிறுத்திவிடும் என்று இணையத்தில் படித்தேன். கண்ணிமை துடிப்பதும், இரவில் கெண்டைக்கால் இழுப்பதும் பக்கவாதத்தின் அறிகுறியா? குமட்டலுக்கு ஓராண்டாக மெட்டோகுளோப்ரமைடு மாத்திரையை நானே வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பதில்: நீங்கள் படித்தது, கெட்டுப்போன உணவு வழியாக அந்த நச்சு உடல் முழுக்கப் பரவும்போது நடப்பது. ஊசியில் இருப்பதும் அதே நச்சுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மிகச் சிறிய அளவில், தேர்ந்தெடுத்த தசைக்குள் மட்டும் போடுகிறோம். 'இறுக்கு' என்று நரம்பு அனுப்பும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

எந்தத் தசை என்பதில்தான் சூட்சுமம். தலை வலப்பக்கம் திரும்பினால், பெரும்பாலும் இறுகியிருப்பது இடப்பக்க முன்கழுத்துத் தசையும் வலப்பக்கப் பிடரித் தசையும். வலிக்கும் இடத்தில் குத்தினால் போதாது. அதனால்தான் பல மருத்துவமனைகளில் அல்ட்ராசவுண்ட் அல்லது இ.எம்.ஜி. (தசையின் மின்னியக்கத்தைக் காட்டும் கருவி) உதவியோடு போடுகிறார்கள். ஒரு வாரத்தில் இளகத் தொடங்கும். நான்காவது வார வாக்கில் முழுப் பலன் தெரியும், ஏறக்குறைய 12 வாரத்தில் தேய்ந்துவிடும். அதற்கு முன் அவசரப்பட்டு மறு ஊசி கேட்காதீர்கள். உடல் எதிர்ப்புப் பொருள் உண்டாக்கினால் பிறகு மருந்தே வேலை செய்யாது. முதல் முறை பலன் குறைந்தால் 'எனக்குக் கேட்கவில்லை' என்று கைவிடவும் வேண்டாம். தசையையும் அளவையும் மாற்றி இரண்டு, மூன்று முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். எந்த பிராண்ட், எத்தனை யூனிட், எந்தத் தசை, என்ன தேதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிராண்டின் 100 யூனிட்டும் இன்னொன்றின் 100 யூனிட்டும் ஒன்றல்ல.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: விழுங்குவது. முன்கழுத்துத் தசையில் போட்ட மருந்து தொண்டைத் தசைக்குக் கசிந்தால், முதல் இரண்டு வாரத்துக்குள் சாப்பாடு தொண்டையில் நிற்பது போலிருக்கும். லேசாக இருந்தால் மசித்த உணவைச் சிறு வாயாக, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். சில வாரங்களில் சரியாகும். ஆனால் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, குரல் மூக்கால் வருகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள்.

இமை துடிப்பதற்குத் தூக்கக் குறைவும் காபியுமே போதும். கெண்டைக்கால் இழுத்தால் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடியுங்கள். பக்கவாதம் எட்டு மாதமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காது; சட்டென்று வரும்.

மெட்டோகுளோப்ரமைடு விஷயத்தில்தான் எனக்குக் கோபம். விஷம் என்று ஊசிக்குப் பயப்படுகிற நீங்கள், கழுத்தைத் திருக வைக்கக்கூடிய மாத்திரையை ஓராண்டாக விழுங்கியிருக்கிறீர்கள்! சில நாட்களுக்கென்று தரப்படும் மருந்து அது. திருகல் முதலில் வந்ததா, மாத்திரை முதலில் வந்ததா? ஊசிக்கு முன் இதை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்த அட்டையை வாங்காதீர்கள். குமட்டலுக்கான காரணத்தையும் தனியே பார்க்க வேண்டும். உங்கள் வயதில் வில்சன் நோய் (உடலில் தாமிரம் தேங்கும் பரம்பரை நோய்) இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்வது நல்லது: ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற தாமிரம் சுமக்கும் புரதத்தின் அளவு, கூடவே ஸ்லிட் லேம்ப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் கண் பரிசோதனை.

மாத்திரைகளும் உண்டு. ட்ரைஹெக்ஸிபெனிடில் 1 அல்லது 2 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவது. வாய் உலரும், மலச்சிக்கல், மறதி வரும். கழுத்துக்கு ஊசி அளவுக்கு இவை உதவுவதில்லை. எல்லாம் தோற்றால் மட்டுமே மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை.

கன்னத்தில் விரல் வைத்தால் நேராவது நடிப்பல்ல, இந்த நோய்க்கே உரிய அடையாளம். வீட்டில் யாராவது சந்தேகப்பட்டால் இதைக் காட்டுங்கள். கழுத்தைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கு எடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிய வாய்ப்புண்டு.