எண்ணாமல் எழுதிய 20

அன்புள்ள அம்மா,

நான் பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு, இரண்டாம் செமஸ்டர் மாணவி. ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம், கல்லூரி புதுச்சேரியில். சென்ற வாரம் பெண்கள் வார்டில் போஸ்டிங். 30 கட்டில்களுக்கும் டி.பி.ஆர். (வெப்பம், நாடி, மூச்சு) பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வகுப்பில் சொல்லித் தந்தபடி ஒவ்வொருவருக்கும் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். பாதி முடிவதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டினார். சீனியர் அக்கா ஒருவர், "மூச்சுக்கு எல்லாருக்கும் 20 என்று போட்டுவிடு. புத்தகமெல்லாம் பரீட்சைக்குத்தான்" என்றார். மறுநாள் அப்படியே போட்டேன். முதல் நாள் 26 எண்ணியிருந்த மூலைக் கட்டில் பாட்டிக்கும் 20. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை. வார்டு இப்படித்தான் என்றால் வகுப்பு எதற்கு அம்மா?

- ஒரு மாணவி

அன்புள்ள மகளே,

என் மாணவிகளை 'நீ' என்றே அழைத்துப் பழகியவள் நான். உன்னையும் அப்படியே அழைக்கிறேன்.

அந்தப் பாட்டியைப் பற்றி உன் கடிதம் வந்த அன்றே தனியாக எழுதிவிட்டேன். நீ போய் மறுபடி எண்ணியதையும், 28 வந்ததையும், நடுங்கிக்கொண்டே சிஸ்டரிடம் சொன்னதையும் பதிலில் எழுதியிருந்தாய். உன்னைத் திட்டிய அதே சிஸ்டர் பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு டாக்டரை அழைத்தார். இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்படி எண்ண வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஏன் எண்ண வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்த ஒருவர் தினமும் 20களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்றால் கோளாறு உன் புத்தகத்தில் இல்லை.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கடலூர் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரி உடைக்கும் அம்மா ஒருவர் காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். சர்க்கரை நோய் உண்டு. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. சர்க்கரை பார்க்க எந்த விரலில் குத்துவது என்று தேட வேண்டியிருந்தது. மூன்று நாள் அவருடைய சார்ட்டில் மூச்சு 20, 20, 20. அவற்றில் இரண்டு என் கையெழுத்து. நான்காம் நாள் விடியற்காலையில் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். புண்ணின் தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது. உயிர் பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். முன்பே எண்ணியிருந்தால் கால் தங்கியிருக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியே வராதபடி செய்திருக்க முடியும். நான் செய்யவில்லை.

இப்படித் தொற்று பரவி உடலில் அமிலம் ஏறும்போது நுரையீரல் கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றி அதை ஈடுகட்டப் பார்க்கிறது. இரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே, பல நோயாளிகளுக்கு மூச்சு ஏறிவிடுகிறது. உடலியல் வகுப்பில் இதைப் படித்திருப்பாய். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்ட 'நியூஸ்' என்னும் முன்னெச்சரிக்கை அட்டவணையைத் தேடிப் பார். மூச்சு 12 முதல் 20 வரை என்றால் மதிப்பெண் 0. 21 ஆனால் 2. 25ஐத் தொட்டால் 3. ஒரே அளவீட்டில் 3 வந்தாலே நோயாளியை அவசரமாக வந்து பார்க்க வேண்டும். உன் பாட்டியின் 26 அந்த இடத்தில் இருக்கிறது. நாம் பழக்கத்தில் போடும் 20 எங்கே இருக்கிறது பார்த்தாயா? யாரையும் எழுப்பாத கடைசி எண் அது. அதனால்தான் எல்லாருடைய கையும் அதற்குப் போகிறது.

சிஸ்டரின் பக்கத்தையும் நீ பார்க்க வேண்டும். வெப்பம், நாடி, மூச்சு, பிபி எல்லாம் ஒழுங்காகப் பார்க்க ஒருவருக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 30 பேருக்கு 150 நிமிடம். ஊசி, மாத்திரை, டிரிப்ஸ், அட்மிஷன், கணினிப் பதிவு இருக்கும்போது அந்த இரண்டரை மணி நேரத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? ஆள் போதாத வார்டு உன்னை இன்னொரு ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆனால் நீ அங்கே ஆள் அல்ல, மாணவி. இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் விகிதம் ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள், 10 மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர். 3 பேரைப் பார்க்கும்போது மூச்சை எண்ணலாம், முதுகில் படுக்கைப் புண் தொடங்குகிறதா என்று திருப்பிப் பார்க்கலாம், காலையில் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கலாம். 30 பேரைப் பார்க்கும்போது கட்டம்தான் நிரப்ப முடியும். கட்டம் நிரப்பிப் பழகிய கை நாளை ஐ.சி.யூ.விலும் கட்டம்தான் நிரப்பும்.

நர்சிங் ஆசிரியர்களான என் பழைய சகாக்களிடம் இங்கே ஒரு கேள்வி. இந்தப் பெண் 30 கட்டில்களோடு தனியாக நின்றபோது அவளுடைய டியூட்டர் எங்கே இருந்தார்? கையெழுத்து வாங்க வரிசையில் நிற்கும் லாக்புக்குகளுக்கு நடுவில் நாம் உட்கார்ந்துவிட்டால், கட்டிலருகே பாடம் நடத்துவது சீனியர் அக்காதான். அவளுக்கு அவளுடைய சீனியர் சொல்லித் தந்தது அது. விளக்கேற்றும் விழாவை எவ்வளவு சிரத்தையோடு நடத்துகிறோம்! நவீன நர்சிங்கின் முன்னோடி நைட்டிங்கேலின் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டு, கிரிமியப் போரின் சாவுகளைக் கணக்கெடுத்து வரைபடமாக்கிய பெண் அவர் என்பதை மாணவிகளிடம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இனி, எண்ணும் முறை. பயிற்சிக் கூடத்துப் பொம்மைக்கு நாம் எண்ணுவது தெரியாது. மனிதருக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்ததும் கையை விடாதே. பாட்டியின் முன்கையை அவர் மார்பின் மேல் மடித்து வைத்து, நாடி பார்ப்பவள் போலவே மணிக்கட்டைப் பிடித்திரு. சேலையும் போர்வையும் மறைத்தாலும் மார்பு ஏறி இறங்குவது உன் கைக்குத் தெரியும். சீராக மூச்சுவிடும் பெரியவர்களுக்கு நெருக்கடியில் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். மூச்சு சீராக இல்லாவிட்டாலும், குழந்தையாக இருந்தாலும் முழு நிமிடம். எண்ணவே முடியாமல் போனால் கட்டத்தை வெறுமையாக விட்டு, "இந்த ஆறு பேருக்கு எண்ணவில்லை" என்று வாய்விட்டுச் சொல். திட்டு விழும், வாங்கிக்கொள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது எண்ண வருவார்கள். பொய் 20ஐப் பார்த்து யாரும் வர மாட்டார்கள்.

கூடவே அவர்கள் சொல்வதைக் கேள். இளைப்பு, இரைப்பு, மேல்மூச்சு, மூச்சுமுட்டல், நெஞ்சடைப்பு என்று நம் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்வார்கள். கேஸ் ஷீட்டில் எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. ஆங்கில வழியில் தடுமாறுவதாக இரண்டாவது கடிதத்தில் வருந்தியிருந்தாய். இரைப்புக்கும் மூச்சுமுட்டலுக்கும் உள்ள வேறுபாடு உனக்குப் பிறந்த வீட்டிலேயே தெரியும். அதை அப்படியே டாக்டரிடம் சொல். அவர் வேண்டிய மொழியில் எழுதிக்கொள்வார்.

மீதி 29 கட்டங்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அவற்றின் மேல் திருத்தி எழுதாதே. டியூட்டரிடம் போய், எந்தத் தேதியில், எந்த வார்டில் எண்ணாமல் எழுதினாய் என்று சொல். உன் உள்மதிப்பெண் குறையலாம். இன்னும் வார்டில் இருப்பவர்களுக்கு இன்று எண்ணு, இன்றைய கட்டத்தில் எழுது. வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள். கைபேசியை வைத்து எண்ணாதே. அந்தக் கை நோயாளியின் மேல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா