ஒளியறது யாரு, தேடுறது யாரு?

வணக்கம் அண்ணா,

வீட்ல ஸ்காட்லாந்து யார்டு போர்ட் கேம் வாங்கி ஆடிட்டிருக்கோம். லண்டன் மேப்புல மறைஞ்சு ஓடற மிஸ்டர் எக்ஸை டேக்ஸி, பஸ், அண்டர்கிரவுண்ட் (பாதாள ரயில்) டிக்கெட்டை வெச்சு டிடெக்டிவ்ஸ் தேடிப் புடிக்கணும். அவர் போற இடத்தோட எண்ணை ரகசியமா எழுதி, எதுல போனார்ங்கற டிக்கெட்டை மட்டும் அது மேல வெச்சுக் காட்டுவார். நான், என் கணவர், 13 வயசு பையன், 8 வயசு பொண்ணு. எப்பவும் என் கணவர்தான் மிஸ்டர் எக்ஸ், பெரும்பாலும் ஜெயிச்சுடுறார். நாங்க மூணு பேரும் டிடெக்டிவ்ஸ், ஆனா உண்மையில ஆடுறது பையன் ஒருத்தன்தான். "அம்மா நீ பஸ் எடு, நீ டேக்ஸியில இந்தப் பக்கம் போ"ன்னு எல்லாத்தையும் அவனே சொல்லிடுறான், பொண்ணு பாதியிலயே எழுந்து போயிடுறா. அவளுக்கு மிஸ்டர் எக்ஸ் ஆகணும்னு ரொம்ப ஆசை. விட்டுப் பாத்தோம், தான் நிக்கற இடத்தையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தா, உடனே புடிச்சிட்டான், ஒரே அழுகை. இந்த வகை கேம் அவ வயசுக்கு ஒத்துவராதா? வேற எது வாங்கலாம்? அப்புறம், ஒளியறவங்க தப்பா நகர்ந்து எழுதிட்டா என்ன பண்றது?

ஒரு வாசகி

வணக்கம்மா,

வயசெல்லாம் பிரச்சனை இல்ல. உங்க வீட்ல யாரு எந்த வேலையை எடுக்கணும்ங்கறதை மட்டும் மாத்தினா போதும், பொண்ணு எழுந்து போக மாட்டா.

ஆடுபுலி ஆட்டத்துல 3 புலி ஒரு பக்கம், 15 ஆடு இன்னொரு பக்கம். ஒரே பலகைதான், ஆனா புலிக்கு ஒரு வேலை ஆட்டுக்கு வேற வேலை, ஜெயிக்கற வழியும் வேற வேற. அதுல எல்லாமே கண்ணு முன்னாடி நடக்கும். ஸ்காட்லாந்து யார்டுல ஒரு பக்கத்தை மட்டும் மறைச்சு வெச்சுட்டாங்க, அவ்வளவுதான். ராவன்ஸ்பர்கர் கம்பெனி 1983ல வெளியிட்டு அந்த வருஷமே ஜெர்மனியில சிறந்த ஆட்டத்துக்கான விருதை வாங்கின கேம் இது, இன்னிக்கும் இந்த வகைக்குள்ள நுழையறதுக்கு குடும்பங்களுக்கு இதைத்தான் நான் சொல்லுவேன்.

முதல்ல டிடெக்டிவ் பக்கம். எல்லாரும் சேர்ந்து பேசி ஆடுற எந்த கேம்லயும் நல்லா யோசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் மத்தவங்களை கையாளா ஆக்கிடுவாங்க. உங்க பையன் கெட்ட எண்ணத்துல பண்ணல, அவனுக்கு விடை தெரியுது அதனால சொல்றான், ஆனா தங்கச்சிக்கு அங்க காயை நகர்த்தற வேலை மட்டும்தான் மிச்சம், எந்தக் குழந்தை உக்காரும்? ரெண்டு விதி வெச்சுக்கோங்க. ஒவ்வொரு சுற்றுலயும் யோசனை சொல்றதுல சின்னவ முதல்ல பேசணும். யார் காயோ அவங்க முடிவுதான் கடைசி, தப்பான முடிவா இருந்தாலும் அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது.

அதை விட முக்கியமா அவளுக்கு ஒரு தனி வேலை குடுங்க. மிஸ்டர் எக்ஸ் 3, 8, 13, 18ங்கற நகர்வுகள்ல வெளிய வந்து முகத்தைக் காட்டணும் இல்லையா (கடைசியா 24ல, பதிப்புக்கு பதிப்பு முடிவு கொஞ்சம் மாறும்), அப்போ அவர் நிக்கற இடத்தோட எண் மேல ஒரு பட்டனையோ காசையோ வைக்கச் சொல்லுங்க. அடுத்து அவர் டேக்ஸி டிக்கெட் போட்டாரா, அந்த இடத்துலருந்து டேக்ஸி கோடு எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் பட்டன். அடுத்து பஸ்ஸா, இப்போ பட்டன் இருக்கற இடங்கள்ல எதுலருந்து பஸ் கிளம்புதோ அதுலருந்து மட்டும் மேல போகும், பஸ்ஸே வராத இடத்துல இருக்கற பட்டனெல்லாம் காலி. டிடெக்டிவ் ஒருத்தர் போய் நின்ன இடத்துல அவர் இல்லன்னா அதையும் எடுத்துடலாம். 199 இடங்கள் இருக்கற மேப்புல தேட வேண்டியது சில சமயம் நாலஞ்சு இடம்தான்னு அந்தப் புள்ள தன் கையால வெச்சு எடுத்தே கண்டுபிடிக்கும் பாருங்க, அந்த சந்தோஷத்துக்காகவே இந்த கேமை ஆடலாம். எட்டு வயசுக்கு இது நல்லாவே முடியும். அதுவும் இல்லாம எங்க போகணும்னு முடிவு பண்ண அண்ணன் இப்போ அவகிட்ட கேட்டாகணும்.

டிக்கெட்டையும் எண்ணச் சொல்லுங்க. ஒவ்வொரு டிடெக்டிவுக்கும் டேக்ஸி 10, பஸ் 8, அண்டர்கிரவுண்ட் 4, மொத்தமே 22தான், செலவு பண்ணினது மிஸ்டர் எக்ஸ் கைக்குப் போயிடும். ஆரம்பத்துலயே அண்டர்கிரவுண்டை வாரி இறைச்சவங்க கடைசியில அவர் கண்ணுக்குத் தெரியறப்போ போய்ச் சேர முடியாம நிப்பாங்க.

இப்போ அவ ஆசைப்பட்ட விஷயம். குடுங்க, கண்டிப்பா குடுங்க, ஆனா தனியா விடாதீங்க. ஒளியறவங்க வேலை ரொம்ப தனிமையானது, எதிர்ல நாலு பேர் உங்களைப் பத்தியே சத்தமா பேசுவாங்க, நீங்க முகத்துல ஒண்ணும் காட்டாம உக்காந்திருக்கணும். பெரியவங்களுக்கே படபடன்னு இருக்கும். அதனால உங்க கணவர் அவ பக்கத்துல கூட்டாளியா உக்காரட்டும், முடிவு அவளோடது, இவர் காதுல கேள்வி மட்டும் கேக்கணும், "அங்க போனா அடுத்து தப்பிக்க எத்தனை வழி இருக்கு?"ன்னு. நீங்களும் பையனும் தேடுங்க. உத்துப் பாக்கற பிரச்சனை எல்லாருக்கும் உண்டு, அந்தப் பெட்டியில கண்ணை மறைக்கற மாதிரி ஒரு தொப்பி வெச்சிருக்கறதே அதுக்குத்தான், போட்டுவிடுங்க. மத்தவங்க நகர்த்திட்டிருக்கும்போதே அடுத்த இடத்தை யோசிச்சு வெச்சுட்டா தன்னோட முறை வரும்போது மேப்பைப் பாக்கவே வேண்டாம்.

ஒரு உத்தியும் சொல்லிக் குடுங்க. முகம் காட்டற நகர்வுல டேக்ஸி, பஸ், அண்டர்கிரவுண்ட் மூணும் கிளம்பற இடத்துல போய் நிக்கணும், உடனே அடுத்ததுக்கு கறுப்பு டிக்கெட். எதுல போனாங்கன்னே தெரியாதா, எதிர்ல இருக்கற பட்டன் மேப் முழுக்க சிதறிடும். பெரும்பாலானவங்க பயத்துல கறுப்பு டிக்கெட்டை கண்ட நேரத்துல போட்டு வீணாக்கறாங்க.

தன்னைத் துரத்தறது பிடிக்காத குழந்தைங்களும் உண்டு, அழுத்தம் தாங்காது. அப்படித் தெரிஞ்சா வற்புறுத்தாதீங்க.

வேற எது வாங்கலாம்னு கேட்டீங்க. 2010ல வந்த நன்ஸ் ஆன் த ரன் பாருங்க, அதுல தலைகீழ், ஒளியறவங்க நிறைய பேரு, காவலுக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ, ராத்திரி கன்னியாஸ்திரி மடத்துக்குள்ள நைசா நடக்கற கதை. நிறைய பேர் ஒளியறதால யாரும் தனியா மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காது, உங்க பொண்ணுக்கு இது பிடிக்கும்னு நினைக்கிறேன். பையனோட நீங்க ரெண்டு பேர் மட்டும் ஆடறதுக்கு 2017ல வந்த ஃப்யூஜிடிவ் இருக்கு, மேப்பே கிடையாது, 42 வரைக்கும் எண் போட்ட கார்டுதான், தப்பிக்கறவர் கவுத்து வெச்சுக்கிட்டே போவார், தேடுறவர் எண்ணை ஊகிக்கணும். கேப்டன் சோனார் 2016ல வந்தது, நாலு நாலு பேரா ரெண்டு நீர்மூழ்கிக் கப்பல், ஆளுக்கு ஒரு வேலை, சொந்தக்காரங்க எல்லாம் கூடியிருக்கும்போது எடுங்க, ஆனா முறை வெச்சு ஆடற விதத்துல ஆரம்பிங்க, ஒரே நேரத்துல எல்லாரும் ஆடற விதம் சின்னப் பசங்களுக்கு தலை சுத்தும். லெட்டர்ஸ் ஃப்ரம் வைட்சேப்பல் நான் ரொம்ப மதிக்கற கேம், ஆனா அது 1888ல லண்டன்ல நடந்த ஜாக் த ரிப்பர் கொலைகளைப் பத்தினது, பசங்களோட வேண்டவே வேண்டாம்.

தப்பா எழுதிட்டா? டிக்கெட்டை வெச்சு எண்ணை மூடறதுக்கு முன்னாடி கூட்டாளி ஒரு தடவை பாத்துட்டா பெரும்பாலும் நடக்காது. அதையும் மீறி நடுவுல தெரிஞ்சா, அந்த நிமிஷமே ஒளிஞ்சவர் தான் இருக்கற இடத்தைக் காட்டிடணும், அங்கிருந்து ஆட்டம் தொடரட்டும். தேடுனவங்களுக்கு வீணா அலைஞ்சதுக்கு ஈடு கிடைச்சிடும், ஒளிஞ்சவருக்கும் ஆட்டம் போயிடாது. முடிஞ்சப்புறம் தெரிஞ்சா யாருக்கும் வெற்றி இல்லன்னு வெச்சுட்டு, அதே ஆளையே திரும்ப ஒளிய விடுங்க.