பனியுகத்தில் மீன்கள் எங்கே போயின?

கேள்வி: பனியுகத்தில் அண்டார்டிகாவின் பனிப்படலம் கடலுக்குள்ளும் நீண்டு தரையை மூடிக்கொண்டதாமே, அங்கிருந்த மீன்கள் எங்கே போயின? அது இப்போது எப்படித் தெரியும்?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: குளிர் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறையும். நம் ஊர் மீனின் ரத்தம் மைனஸ் 1 வருமுன்பே உறைந்துவிடும். அண்டார்டிகா மீன்களின் ரத்தத்திலோ உறைவைத் தடுக்கும் புரதம் இருக்கிறது. அவற்றில் பனிமீன் என்ற வகைக்கு ஹீமோகுளோபின்கூடக் கிடையாது, ரத்தம் இளநீர் மாதிரி இருக்கும். நான் விலங்கியல் நடத்திய காலத்தில் இதைச் சொன்னால், "சார், அதைக் கொசு கடிச்சா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

பிரச்சினை இடம்தான். 2021-ல் அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடலில், 400 மீட்டருக்கும் கீழே, போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலின் கேமரா பனிமீன் கூடுகளைப் படம்பிடித்தது. முக்கால் மீட்டர் அகலத்தில் வட்டமான பள்ளம், நடுவே ஆயிரத்துக்கும் மேல் முட்டைகள், பெரும்பாலும் காவலுக்கு ஒரு மீன். அப்படி சுமார் 6 கோடி கூடுகள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இப்படித் தரையை நம்பிப் பிழைக்கிற மீனுக்கு, தரையே போனால்?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பல இடங்களில் அதுதான் நடந்தது. பனிப்படலம் கண்டத்திட்டின் (கண்டத்தை ஒட்டி, ஆழம் குறைவாக நீளும் கடலடித் தளத்தின்) விளிம்புவரை வந்து அடித்தரையைச் சுரண்டித் தள்ளியது. விளிம்புக்கு அப்பாலுள்ள ஆழச் சரிவு, தெற்கு ஜார்ஜியா போன்ற தீவுகளின் ஓரம், பனி எட்டாத சிறு இடைவெளிகள் என்று ஒதுங்கியவைதான் தப்பியிருக்க வேண்டும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே குலதெய்வம் என்றால் என்ன நினைப்போம்? சில குடும்பங்கள் வந்து குடியேறிப் பெருகிய ஊர் என்றுதானே. குலதெய்வம் அப்பா வழி, செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவில் உள்ள டி.என்.ஏ. அம்மா வழி, அவ்வளவுதான் வித்தியாசம். பல இனங்களில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பிடித்த மீன்களிடமும் இந்த டி.என்.ஏ. அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கிறது. அதே இனத்தின் மற்ற மீன்களில் பெரும்பாலும் ஓரிரு எழுத்துதான் மாறியிருக்கும்.

நீரோட்டம் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போய்க் கலந்துவிடாதா என்று கேட்கலாம். கலக்கும்தான். ஆனால் பழைய பெரிய கூட்டமாக இருந்தால், எவ்வளவு கலந்தாலும் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபட்ட வம்சங்கள் உள்ளே கிடக்கும். இங்கே அவை அதிகம் இல்லை. சிறு கூட்டம் ஒன்று அண்மையில் பெருகியதன் தடயம் அது. அந்த 'அண்மை' கடைசிப் பனியுகமா, அதற்கும் முந்தையதா என்பது இனத்துக்கு இனம் மாறும்.