மூத்தவளின் குடை

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை ஆறு வயது மகளுக்காக ‘மை நெய்பர் டோட்டோரோ’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படத்தைப் போட்டோம். அவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காட்சியில் காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்டது. ‘பொம்மைப் படத்துக்கெல்லாமா அழுவாங்க’ என்று என் கணவர் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வயது 41. மூன்று பிள்ளைகளில் மூத்தவள். வங்கியில் வேலை. சட்டென்று அழுகிற ஆளும் இல்லை. தொலைந்துபோன குழந்தை மனசு இந்த மாதிரிப் படங்களில் திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே, எனக்கு நடந்தது அதுதானா? இல்லை, வெறும் அசதியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

அசதியும் இருக்கும். வங்கி வேலையையும் ஆறு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தை முழுதாகப் பார்த்ததே பெரிய விஷயம். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: ‘மூன்று பிள்ளைகளில் மூத்தவள்.’ எனக்கு அங்கேதான் கண் நின்றது.

குழந்தை மனசு திரும்பக் கிடைக்கிறது என்ற பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சின்ன வயதில் நாம் ஒன்றும் கவலையே இல்லாமல் திரிந்துகொண்டிருக்கவில்லை. நிறையப் பயந்தோம். பெரியவர்கள் அடுத்த அறையில் குரலைத் தாழ்த்திப் பேசினால், தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டோம். டோட்டோரோ படத்தை இயக்கிய ஹயாவோ மியாசாகிக்கு இது நன்றாகத் தெரியும். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா முதுகெலும்புக் காசநோயால் வருடக்கணக்கில் படுக்கையில் இருந்தவர். படத்திலும் அம்மா ஆஸ்பத்திரியில். அப்பா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார். சின்னவள் மெய்க்கு நான்கு வயது. பெரியவள் சட்சுகிக்குப் பத்துப் பதினொன்று இருக்கும்.

இரண்டு பெயருக்கும் அர்த்தம் ஒன்றே. சட்சுகி என்பது மே மாதத்தின் பழைய ஜப்பானியப் பெயர், மெய் என்பது ஆங்கில மே. முதலில் மியாசாகி யோசித்த கதையில் ஒரே ஒரு பெண்தான். பிறகுதான் அவளை இரண்டாக்கினார். படத்தின் பழைய போஸ்டரைத் தேடிப் பாருங்கள், டோட்டோரோ என்கிற அந்தப் பெரிய காட்டுப் பிராணியின் பக்கத்தில் ஒரு சிறுமி மட்டும் நிற்பாள். சட்சுகியும் இல்லை, மெய்யும் இல்லை, இருவர் சாயலும் இருக்கும்.

ஒரு குழந்தையை இரண்டாகப் பிரித்ததில் பயமும் பொறுப்பும் பெரியவள் பங்குக்குப் போய்விட்டன. அப்பா விடிந்தும் தூங்கிக்கொண்டிருக்க, எல்லோருக்கும் சாப்பாடு கட்டுகிறவள் சட்சுகி. மெய்யோ தோட்டத்தில் சுற்றிப் பூப்பறித்து வந்து அப்பாவின் மேசையில் அடுக்கி, ‘அப்பாதான் பூக்கடைக்காரர்’ என்கிறாள். டோட்டோரோ முதலில் மெய் கண்ணில்தான் படுகிறது. மூத்தவளுக்கு அதைப் பார்க்க நேரம் ஏது!

இப்போது உங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். அப்பா குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கொடுக்கத்தான் இருவரும் காத்து நிற்கிறார்கள். ஒரு பஸ் வருகிறது, அப்பா அதில் இல்லை. இருட்டுகிறது. மெய்க்குத் தூக்கம் சொக்க, சட்சுகி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு குடையையும் பிடித்தபடி நிற்கிறாள். பக்கத்தில் யாரோ வந்து நிற்கும் சத்தம். குடைக்கு அடியில் முதலில் தெரிவது நகங்கள் நீண்ட பாதம். தலையில் ஒற்றை இலையை வைத்துக்கொண்டு டோட்டோரோ! இவள் அப்பாவின் குடையை அதற்குக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து சொட்டும் துளிகள் குடைமேல் ‘டொப், டொப்’ என்று விழ, அந்தப் பெரிய பிராணிக்குக் குஷி தாங்கவில்லை. எம்பிக் குதித்து, கிளைகளில் தேங்கிய தண்ணீரையெல்லாம் ஒரேயடியாகக் கொட்ட வைக்கிறது.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் மழை என்றால் மொத்தமாகப் பெய்துவிடும். எந்தத் துளி எங்கே விழுகிறது என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். வரைந்த படத்தில் ஒருவர் உட்கார்ந்து வரைந்தால்தான் ஒரு துளியாவது விழும். நடுவில் ஒரு தேரை மெதுவாக வருமே, அதுவும் அப்படித்தான். நாமும் ஒரு காலத்தில் பஸ் வராத நேரங்களில் தேரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தானே.

உங்களை அழவைத்தது தேரை இல்லை என்று நினைக்கிறேன். முதுகில் தங்கையைச் சுமந்து நிற்கிற பிள்ளையைத் தேடி ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றாரே, அதுதான்.

ஒரு தகவல். 1988 ஏப்ரல் 16 அன்று இந்தப் படம் ஜப்பானில் தனியாக வெளியாகவில்லை. இதைத் தயாரித்த அதே ஜிப்லி ஸ்டுடியோவில் இசாவோ தகஹாதா எடுத்த ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தோடு சேர்த்துத் திரையிட்டார்கள். அங்கேயும் போர்க்காலத்தில் நான்கு வயதுத் தங்கையைச் சுமந்து அலைகிற 14 வயது அண்ணன் ஒருவன். அவன் பக்கத்தில் வந்து நிற்க யாரும் இல்லை. மகள் வளர்ந்த பிறகு பாருங்கள். இப்போது வேண்டாம்.

எனக்கு பஸ் ஸ்டாப்பில் அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று வரும். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி சட்சுகியின் தலையை வாரிவிடுவாள். ‘எனக்கும், எனக்கும்’ என்று மெய் முந்துவாள். சட்சுகி அவளைக் காத்திருக்கச் சொல்லிவிடுவாள். படத்தில் அவள் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் அது என்று எனக்குத் தோன்றும்.

நானும் மூத்தவன். அம்மா மூன்றாவது பிரசவத்துக்குப் போயிருந்த ஒரு வாரம் தங்கைக்கு நான்தான் சடை பின்னினேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவள் அதோடுதான் பள்ளிக்கூடம் போனாள். அந்த வாரம் என் தலையை யார் வாரினார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அப்புறம், உங்கள் கணவர் சிரிக்கிறார் என்றீர்களே. அவர் வீட்டில் எத்தனையாவது பிள்ளை?