நாட்டுக்கு என்ன வருத்தம்?

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலைக்காரன். வயது 29. பெயர் போட வேண்டாம். மீன் சந்தைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் பின்னேரங்களில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். எந்தக் கதையில் தொடங்கினாலும் கடைசியில் இந்த நாட்டுக்கு என்னதான் வருத்தம் என்பதில் வந்து நிற்கும். வங்கியில் வேலை செய்து பென்ஷன் எடுத்த ஐயா ஒருவர், எல்லாம் களவு, களவை நிறுத்தினால் நாடு தானாக எழும்பும் என்கிறார். ஓட்டோ ஓடுகிற அண்ணை, எண்ணெய்க் குதங்களை இந்தியாக்காரனுக்கு விற்றதோடு கதை முடிந்தது என்கிறார். கிண்ணியாவிலிருந்து தயிர் கொண்டுவரும் நானா, "எங்கட சனத்துக்கு ஒழுக்கம் இல்லை, சிங்கப்பூருக்கு லீ குவான் யூ வந்த மாதிரி பிரம்போட ஒருத்தன் வரவேணும்" என்கிறார். இனப்பிரச்சினையைத் தீர்க்காமல் ஒன்றும் சரிவராது என்பது என் கட்சி. போன கிழமை வாக்குவாதம் முற்றி, வங்கி ஐயா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனவர்தான், இன்னும் வரவில்லை.

கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எங்களில் யார் சொல்வது சரி? இதைத் திருத்த வழி இருக்கிறதா? இல்லை, போய்ச் சேருவதுதான் புத்தியா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் வங்கி ஐயாவின் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டி வாருங்கள். பென்ஷன் எடுத்த மனுசனுக்குப் பின்னேரத்தில் போக வேறு இடம் இருக்காது.

கடவுச்சீட்டு விஷயம். போக வேண்டுமென்றால் போங்கள். உழைக்கப் போகிறவன் நாட்டின் மேல் குற்றப்பத்திரிகை எழுதிவிட்டுத்தான் போகவேண்டும் என்று சட்டமில்லை. அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நானாவின் பிரம்புக்கு வருகிறேன், ஏனென்றால் நான் போகிற எல்லாக் கடையிலும் அந்தப் பிரம்பு இருக்கிறது. 2022 ஆனி (ஜூன்) மாதத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள். ஓட்டோவுக்குள்ளேயே படுக்கை. இடையில் புகுந்தவனோடு அடிபிடி. "பாருங்கோ எங்கட சனத்தை" என்று அப்போதும் சொன்னார்கள். ஆடியில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள். கொஞ்ச நாளில் அதே சனம், அதே ஷெட், அதே வெயில், சண்டை இல்லை. நான் என் பழைய ஸ்கூட்டரோடு நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் கையில் அட்டையை லமினேற் பண்ணி, சுவாமிப் படம் போலப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் பிரம்பு தூக்கவில்லை. ஆளுக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பெரிய மனுசனுக்கும் அதுதான் அளவு என்ற நம்பிக்கை வந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லீ குவான் யூ இலங்கையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கதையை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதே மனிதர், மொழியை வைத்து விளையாடித்தான் இலங்கை கெட்டது என்றும் சொன்னார். அந்தப் பாதியை மட்டும் எங்கள் கடைகளில் ஒருவரும் எடுப்பதில்லை. சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகள், அதில் ஒன்று தமிழ். நாங்கள் 1956இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கினோம், தமிழுக்கு அந்த இடம் அரசியல் யாப்பில் எழுத 1987 ஆயிற்று. பிரம்பை மட்டும் இறக்குமதி செய்யலாம் என்று பார்க்கிறோம்.

பிரம்பும் வந்ததே, தம்பி. 2019 கார்த்திகையில் 69 லட்சம் பேர் கோட்டாபய ராஜபக்ச என்ற ஒரு பலசாலியைச் சனாதிபதியாகத் தெரிந்தெடுத்தார்கள். எங்கள் மாவட்டம் பெரும்பான்மையாக மற்றவருக்குத்தான் போட்டது, அதைச் சொல்லி நாங்கள் தப்பிக்கொள்கிறோம். வந்து இரண்டு கிழமைக்குள் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. அடுத்த வருடம் சனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டுகிற 20ஆவது யாப்புத் திருத்தம், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் கை உயர்ந்தது. 2021 சித்திரையில் இரசாயன உரம் வேண்டாம் என்று முடிவு. கந்தளாயில் வயல் செய்கிற ஒருவரிடமாவது கேட்டிருந்தால், பசளை இல்லாமல் ஒரு போகத்தைத் தாண்டுவது எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். கேட்க ஆளில்லை, "இல்லை ஐயா" என்று சொல்ல அதைவிட ஆளில்லை. கார்த்திகையில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022 சித்திரை (ஏப்ரல்) 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவிப்பு. வைகாசியில் பலசாலியின் தமையனார் மகிந்த பிரதமர் பதவியை விட்டுவிட்டு வந்து ஒதுங்கியது எங்கே? எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தில். வாசலில் சனம் கூடி நின்று கூச்சல் போட்டது உங்களுக்கும் நினைவிருக்கும், ஒருவேளை நீங்களே போய் நின்றிருப்பீர்கள்.

தமிழர் நாங்கள் இதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. "பேசாதே, அவருக்குத் தெரியும்" என்று ஊரையே வாய்மூட வைத்த காலம் எங்களுக்கும் இருந்தது. அதை விரித்து எழுத இந்தக் கடிதம் போதாது.

ஓட்டோ அண்ணையின் எண்ணெய்க் குதங்களுக்கு வருவோம். சீனக்குடாப் பக்கம் வெள்ளைக்காரன் கட்டியவை, இப்போது நிற்பவை 99. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12,000 தொன் கொள்ளும். 1942 சித்திரை (ஏப்ரல்) 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்திலேயே அவை உலகத்துக்குத் தெரிந்த சொத்து. 2003இல் இந்தியக் கம்பனி வந்தது, கீழ்க் குதங்களில் கொஞ்சத்தைப் பாவித்தது. மேலே இருந்தவற்றைச் சுற்றிப் பற்றை வளர்ந்தது. 2022 தையில்தான் 14 அவர்களுக்கு, 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் 51 வீதம் எங்களுக்கு என்று ஒப்பந்தமானது. அண்ணை சொல்வதுபோல விற்றதால் முடியவில்லை. விற்கவும் பயம், பாவிக்கவும் பயம். வந்த அரசாங்கமெல்லாம் கோப்பை அடுத்தவனிடம் தள்ளியது. திருகோணமலையில் இருக்கிற எவனிடமும் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை, நாங்களும் எங்களைக் கேட்கவில்லையே என்று கேட்கவில்லை. அந்த 99 குதங்களிலிருந்து சில மைல் தள்ளித்தான் அண்ணை மூன்று நாள் பெற்றோலுக்குக் காத்துக் கிடந்தார்.

உங்கள் கட்சிக்கு வருகிறேன். இனப்பிரச்சினைதான் மூலம் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. கிழக்கு மாகாண சபை கடைசியாகக் கூடியது எப்போது? உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். 2017 புரட்டாதியோடு அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. புதிய தேர்தல் முறைக்குத் தொகுதி பிரிக்கிற அறிக்கை ஒன்றை 2018 ஆவணியில் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள், வாக்கெடுப்பில் ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, சபையும் இல்லை. சனாதிபதி நியமிக்கிற ஆளுநர் மாகாணத்தை நடத்துகிறார். சபை கூடவேண்டிய இடம் எங்கள் ஊர். அது பூட்டிக் கிடப்பதற்காகத் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போன ஒருவரை நான் இதுவரை காணவில்லை.

ஏன் காணவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. சபை இருந்த காலத்தில் அது எங்களுக்கு என்ன செய்தது என்று ஊரில் கேட்டால், வாகனமும் திறப்பு விழாவும்தான் நினைவுக்கு வரும். கையில் அதிகாரம் கொடுக்காத சபையைச் சனம் மதிக்காது, சனம் மதிக்காத சபையைப் பூட்டினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பூட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாட்டுக்கு என்ன வருத்தம் என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: காரியம் ஓரிடத்தில் இருக்கிறது, அதை முடிவு செய்கிற மேசை வேறெங்கோ இருக்கிறது, அந்த மேசை எது என்பதே எங்களுக்குத் தெரியாது. மேசை தெரியாதபடியால் ஆளைத் தேடுகிறோம். ஒருவர் கள்ளனைத் தேடுகிறார், ஒருவர் வீரனைத் தேடுகிறார்.

வங்கி ஐயா இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்காக எங்கள் ஒழுங்கையின் கதை.

வீட்டுக்கு முன்னால் ஒரு வடிகான். ஒழுங்கை முடிந்து பெரிய ரோட்டோடு சேருகிற இடத்தில் ஒரு மதகு. மாரி தொடங்கினால் மதகு அடைத்து, தண்ணீர் எங்கள் வாசற்படி இரண்டாவது கல்லுக்கு வரும். ஷொப்பிங் பை, சோற்றுப் பொட்டலம், ஒருமுறை ஒரு முழுத் தலையணை. கோட்டை மான்கள் ஊருக்குள் திரிவது உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு நாள் காலை ஒரு மான் கானுக்குள் இறங்கி லஞ்ச் சீற் ஒன்றை நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அன்றுதான் நான் கந்தோர் ஏறப் புறப்பட்டேன்.

முதல் கந்தோரில், "இந்த ரோட்டு எங்கட லிஸ்டில இல்லை" என்றார்கள். இரண்டாவது கந்தோரில், "ரோட்டு எங்கட, கான் எங்கட இல்லை" என்றார்கள். மூன்றாவது கந்தோரில் ஒரு பிள்ளை வரைபடத்தையே விரித்துக் காட்டி, மதகு பெரிய ரோட்டுக்குரியது, மேலிடத்திலிருந்து எஸ்ரிமேற் வரவேணும் என்றா. ஐயா கவனிக்க வேண்டியது என்னவென்றால், மூன்று இடத்திலும் ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை. எல்லாரும் மரியாதையாகக் கதைத்தார்கள், ஓரிடத்தில் பால் தேத்தண்ணியும் தந்தார்கள். ஒரு கள்ளனும் இல்லாமல், வாசற்படி வரை தண்ணீர்.

கான் என்றபடியால் சிரிக்கலாம். நானாவிடம் கிண்ணியாவில் இருக்கிற குறிஞ்சாக்கேணியைக் கேளுங்கள். பாலம் கட்டுகிறோம் என்று பழைய பாதையை எடுத்தார்கள், கடக்கிற சனத்துக்கு ஒரு மிதப்புப் பாதை, ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. 2021 கார்த்திகை (நவம்பர்) 23 காலையில் அது கவிழ்ந்தது. அன்றைக்கு மட்டும் ஆறு பேர், பாதிக்கு மேல் சிறுபிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிற நேரம். அந்தப் பாதையைப் பரிசோதிக்க வேண்டிய மேசை எது என்ற கேள்வி, பிள்ளைகளை அடக்கிய பிறகுதான் எழும்பியது.

திருத்த வழி கேட்டீர்கள். யாப்பு மாற வேண்டும், மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும், தேர்தல் வேண்டும், எல்லாம் வேண்டும். அவை என் கையில் இல்லை. என் கையில் இருந்தது ஒரு படிவம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நாட்டுக் குடிமக்கள் யாரும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக்கூடாது, 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லவேண்டும். கானைத் துப்பரவு செய்யுங்கள் என்று நான் எழுதவில்லை. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரைக்குமான வடிகான் எந்த நிறுவனத்துக்குரியது, கடைசியாக எப்போது துப்பரவு செய்யப்பட்டது, இரண்டே கேள்வி. மூன்று கந்தோருக்கும் ஒரே நாளில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

ஒரு பதில் வந்தது. சிங்களத்தில். சந்தியில் பேக்கரி வைத்திருக்கிற முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்து, நடுவில் நிறுத்திச் சிரித்தார். "மாஸ்டர், முதல் நாப்பது மீற்றர் தங்கடதாம்" என்றார். "எழுதியே குடுத்திட்டாங்கள்."

அந்தக் கடிதத்தின் பிரதியோடு போனபோது அதே கந்தோர், அதே ஆட்கள். இந்தமுறை ஒருவரும் அடுத்த கந்தோருக்குக் கைகாட்டவில்லை. மழைக்கு முன்பே இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். நாடா பிடித்து அளந்தார்கள். நாற்பது மீற்றர் வரைக்கும் அடி தெரியத் தோண்டி, நாற்பதாவது மீற்றரில் மண்வெட்டியை நிறுத்தினார்கள். கத்தியால் வெட்டியதுபோல இந்தப் பக்கம் சீமெந்துத் தரை, அந்தப் பக்கம் முழங்கால் உயரச் சேறு. இன்னும் கொஞ்சம் அள்ளிவிட்டுப் போங்கள் தம்பி என்று கேட்டேன். "அங்கால எங்கட இல்லை ஐயா" என்றார் ஒருவர், பாவமாக.

மிச்சத்துக்கு மற்ற இரண்டு கந்தோரும் இன்னும் வாய் திறக்கவில்லை. மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன். வருகிற வியாழன் கொடுக்கப் போகிறேன், உங்களுக்கு லீவு என்றால் வாருங்கள். வங்கி ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், படிவத்தில் பிழை பிடிப்பதற்கு அவரைப்போல ஆள் கிடைக்காது.