பிக்சார் இழந்துவரும் மௌனம்

"பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தின் படைப்புத் தரம் முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதா?" என்பது கேள்வி. குறைந்திருக்கிறது என்பதே என் பதில். அங்குள்ள கலைஞர்களின் திறமையிலோ உழைப்பிலோ நான் எந்தக் குறையையும் காணவில்லை. ஒரு காட்சியை வசனத்தின் துணையின்றித் திரையில் நிற்கவிட்டு, பார்ப்பவர் தாமாகவே அதைப் புரிந்துகொள்வார் என்று பொறுமையோடு காத்திருக்கும் துணிவு அங்கே குறைந்துவருகிறது என்று நினைக்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை. தொடர் பாகங்களை எடுக்கத் தொடங்கியதால்தான் வீழ்ச்சி என்பார்கள். 1999இல் வந்த 'டாய் ஸ்டோரி 2' ஒரு தொடர் பாகம்தான். முதலில் நேரடியாக வீடியோவில் வெளியிடத் திட்டமிடப்பட்டிருந்த அந்தப் படத்தின் கதையை, வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களே இருந்தபோது மீண்டும் அடித்தளத்திலிருந்து எழுப்பினார்கள். 2010இன் 'டாய் ஸ்டோரி 3' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டது. 2006இல் டிஸ்னி 740 கோடி டாலர் மதிப்புக்குப் பிக்சாரை வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்பார்கள். 'ராட்டட்டூயி' (2007), 'வால்-ஈ' (2008), 'அப்' (2009) ஆகிய மூன்றும் அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தன. பாதி வழியில் இயக்குநர்களை மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆனால் யான் பிங்காவா தொடங்கிய 'ராட்டட்டூயி'யைப் பிராட் பேர்ட் ஏற்று முடித்தார் என்பதை அப்படத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரைப் பிக்சார் பதினொரு முறை வென்றது. 2020இன் 'சோல்' படத்துக்குப் பின் வந்த 2021 முதல் 2024 வரையிலான படங்களில் ஒன்றுக்கும் அது கிடைக்கவில்லை. இந்தக் கணக்குக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை, ஏனெனில் 'மான்ஸ்டர்ஸ், இங்க்.' தோற்றதும் 'பிரேவ்' வென்றதும் அதே விருதில்தான்.

எது குறைந்தது என்பதை விளக்க நான் 1986க்குப் போக வேண்டியிருக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் லூகாஸ்ஃபிலிமிடமிருந்து கணினி வரைகலைப் பிரிவை வாங்கி, பிக்சார் தனி நிறுவனமான ஆண்டு அது. அங்கிருந்த அனிமேஷன் கலைஞர் ஜான் லாசெட்டர் இரண்டு மேசை விளக்குகளை வைத்து இரண்டு நிமிட அளவில் 'லக்ஸோ ஜூனியர்' என்ற குறும்படத்தை எடுத்தார். அந்த விளக்குகளுக்கு முகம் இல்லை, கை இல்லை, பேச்சும் இல்லை. சிறிய விளக்கு ஒரு பந்தின் மேல் ஏறிக் குதிக்கிறது, பந்து காற்றிறங்கிப் போகிறது, அது தலையைத் தொங்கப்போடுகிறது. டல்லாஸில் நடந்த கணினி வரைகலை மாநாட்டில் படம் திரையிடப்பட்டபின், ஜிம் பிளின் என்ற புகழ்பெற்ற வரைகலை வல்லுநர் லாசெட்டரிடம் வந்தார். நிழல் விழுவதற்கான கணக்கு முறையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் அஞ்சிக்கொண்டிருக்க, அவர் கேட்டதோ, பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்பது. அந்த ஒரு கேள்வியில்தான் பிக்சாரின் கலை முழுவதும் இருக்கிறது என்பேன். உலோகக் கம்பியின் சாய்வைக் கண்டு, யாரும் சொல்லாமலே, ஒரு குடும்பத்தை அவர் கண்டுகொண்டிருக்கிறார்.

இதே கலைதான் பின்னர் முழுநீளப் படங்களுக்குள் வளர்ந்தது. 'ஃபைண்டிங் நீமோ' (2003) தொடக்கத்தில் தாயும் நானூறு முட்டைகளும் ஒரே நொடியில் இல்லாமல் போய், சிறு விரிசலோடு ஒரே ஒரு முட்டை மட்டும் மிஞ்சுகிறது. இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் முதலில் இந்த இழப்பைப் படம் நெடுகப் பின்னோக்குக் காட்சிகளாகத் துண்டு துண்டாக வைத்திருந்தார். அப்படிப் பார்த்தபோது தந்தை மீன் எந்நேரமும் பதறி எரிச்சலூட்டும் ஆளாகத் தெரிந்ததால், அதை முழுமையாக முதலிலேயே காட்டிவிட்டார். அதன்பின் அந்தத் தந்தை எத்தனை முறை மகனைத் தடுத்தாலும் நமக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் அந்த விரிசல் விழுந்த முட்டையை நாமும் பார்த்திருக்கிறோம். அவர் ஏன் அஞ்சுகிறார் என்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு விளக்க வேண்டிய தேவை எழவே இல்லை.

'வால்-ஈ' எடுத்தபோது ஸ்டான்டனின் குழுவினர் சாப்ளின், கீட்டன் ஆகியோரின் மௌனப் படங்களை நாள்தோறும் மதிய வேளையில் பார்த்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. குப்பை அள்ளும் ஒரு தனி இயந்திரம், பழைய இசைப்படத்தின் ஒளிநாடாவில் இருவர் கைகோத்துக்கொள்வதைப் பார்த்துத் தன் இரு கைகளையும் தானே கோத்துப் பார்க்கிறது. தனிமை என்ற சொல்லே அங்கே வருவதில்லை. 'ராட்டட்டூயி'யில் கடுகடுத்த உணவு விமர்சகர் ஒரு வாய் எடுத்து வைத்ததும், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கிராமத்து வீட்டு வாசலில் அடிபட்டு நிற்கும் சிறுவனாகிவிடுகிறார். மீண்டும் உணவகத்துக்கு வரும்போது அவர் கையிலிருந்த பேனா நழுவித் தரையில் விழுகிறது. அம்மா கையால் சாப்பிட்ட எவருக்கும் அதற்கு மேல் ஒரு சொல் வேண்டியதில்லை.

'அப்' படத்தின் தொடக்கத்தில் கார்ல், எல்லி தம்பதியரின் வாழ்க்கை முழுவதும் ஏறத்தாழ நான்கு நிமிடங்களில், மைக்கேல் ஜியாக்கினோவின் இசையோடு மட்டும் ஓடுகிறது. குழந்தைக்காகச் சுவரில் ஓவியம் தீட்டுகிறார்கள். அடுத்து, மருத்துவமனை அறையில் எல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார், மருத்துவர் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. பயணத்துக்காகச் சேர்க்கும் உண்டியல் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு செலவுக்காக உடைகிறது. நான் இதை 2009இல் திரையரங்கில் பார்த்தேன். நூற்றுக்கணக்கானோர் இருந்த அந்த அரங்கில், அந்த நான்கு நிமிடங்களும் பாப்கார்ன் கொறிக்கும் ஓசைகூடக் கேட்கவில்லை.

திருப்பம் எங்கே நிகழ்ந்தது என்று யோசித்தால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தையே சுட்ட வேண்டியிருக்கிறது: 2015இன் 'இன்சைட் அவுட்'. ஒரு சிறுமியின் மனத்தின் உள்ளே ஓர் உலகைக் கட்டும்போது அதன் விதிகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே மகிழ்ச்சி என்ற பாத்திரம் தொடக்கத்திலேயே ஒவ்வோர் உணர்ச்சியையும், நினைவுகள் உருண்டைகளாகச் சேரும் முறையையும் நமக்கு எடுத்துரைக்கிறது. அந்தப் படம் அத்தனை விளக்கங்களையும் இறுதியில் ஒரு பார்வையாக மாற்றிவிட்டது. ஒரு பழைய நினைவைப் பின்னோக்கி ஓடவிட்டு, சிறுமி சோகமாக இருந்ததால்தான் எல்லோரும் அவளிடம் வந்தார்கள் என்று மகிழ்ச்சி கண்டுகொள்ளும் இடம், பிக்சாரின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. ஆனால் அந்தப் படத்தின் வெற்றிக்குப் பின் அதன் அச்சே வார்ப்பாகிவிட்டது. 'சோல்' படத்தில் பிறப்புக்கு முந்தைய உலகம், அதற்கு ஆலோசகர்கள், வழிகாட்டிகள், பூமிக்கு வருவதற்கான அனுமதிச் சின்னம். 'எலிமென்டல்' (2023) படத்தில் நெருப்பு, நீர், நிலம், காற்று ஆகிய நான்கு இயற்கைப் பூதங்கள் வாழும் நகரம், யார் யாரோடு கலக்கக்கூடாது என்ற விதி. 'எலியோ' (2025) படத்தில் பல கோள்களின் தூதர்கள் கூடும் அவை. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய உலகின் சட்டதிட்டங்களைச் சொல்வதற்கே படத்தின் முதல் அரைமணி நேரம் செலவாகிறது. விளக்கிப் பழகிய வாய், விளக்கம் தேவைப்படாத இடத்திலும் மூடிக்கொள்வதில்லை. 2024இன் 'இன்சைட் அவுட் 2' உலகெங்கும் 160 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. ஆனாலும் பதற்றம் என்ற உணர்ச்சி கட்டுப்பாடிழந்து சுழலும் அந்த ஓர் அருமையான காட்சியைத் தவிர, அதில் பெரும்பகுதி பாத்திரங்கள் தம் நிலையைத் தாமே அறிவித்துக்கொள்ளும் உரையாடலாகவே எனக்குத் தோன்றியது.

என்னை மிகவும் வருத்துவது, இந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் பழைய ஆற்றல் ஓரிரு நிமிடங்களுக்காவது வெளிப்பட்டுவிடுகிறது என்பதுதான். பலரும் ஒதுக்கித்தள்ளிய 'லைட்இயர்' (2022) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாயகனுக்குச் சில நிமிடங்களே ஆகும் ஒவ்வொரு விண்வெளிச் சோதனைப் பயணத்தின்போதும் தரையில் சுமார் நான்கு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அவன் திரும்பி வரும்போதெல்லாம் அவனுடைய தோழிக்கு மணமாகியிருக்கிறது, குழந்தை வளர்ந்திருக்கிறது, முடி நரைத்திருக்கிறது. ஒரு முறை வரும்போது அவளுடைய அறையில் அவள் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் தனிக் குறும்படமாக எடுத்திருந்தால் நான் அதை 'அப்' தொடக்கத்தின் அருகிலேயே வைப்பேன். 'சோல்' படத்தில் ஜோ என்னும் இசைக்கலைஞன், சட்டைப்பையிலிருந்து ஒரு மேப்பிள் விதையையும் கடித்து மீந்த ரொட்டித் துண்டையும் நூல்கண்டையும் எடுத்துப் பியானோவின் மேல் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கும்போது, அதுவரை கேட்ட எல்லா விளக்கங்களும் தேவையற்றவையாகிவிடுகின்றன. 'எலிமென்டல்' படத்தின் முடிவில் மகள் வீட்டைவிட்டுப் புறப்படுமுன் தந்தையின் முன் மண்டியிட்டு வணங்குகிறாள். தம் தந்தை தமக்கு ஒருநாள் தர மறுத்த அந்தப் பதில் வணக்கத்தை அவர் தம் மகளுக்குத் தருகிறார். வெளியூருக்குப் புறப்படும்போது பெற்றோரின் காலில் விழுந்து ஆசி பெற்ற எவரும் அந்தக் காட்சியில் கண்கலங்காமல் இருக்க முடியாது. கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான பீட்டர் சோன் அதைத் தம் வாழ்விலிருந்து எடுத்திருக்கிறார் என்பது பார்க்கும்போதே தெரிகிறது.

அந்தத் துணிவு எங்கே பயிற்றப்பட்டதோ அந்த இடம் சுருங்கிவிட்டது என்பது என் ஊகம். முன்பெல்லாம் பிக்சார் படம் தொடங்குமுன் திரையரங்கில் ஒரு குறும்படம் ஓடும். அவற்றில் பெரும்பாலானவை பேச்சில்லாதவை. பீட்டர் சோன் 'பார்ட்லி கிளவுடி'யையும், என்ரிகோ கசரோசா 'லா லூனா'வையும், டோமி ஷீ 'பாவ்' படத்தையும் எடுத்த பிறகே முழுநீளப் படங்களுக்கு வந்தார்கள். குஜராத்திப் பெற்றோருக்குப் பிறந்த சஞ்சய் படேல் 2015இல் எடுத்த 'சஞ்சய்ஸ் சூப்பர் டீம்' குறும்படத்தில், தொலைக்காட்சி நாயகர்களில் மூழ்கியிருக்கும் மகனும் பூசையில் அமர்ந்திருக்கும் தந்தையும் ஒரு சொல்கூடப் பேசாமல் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். 2019இல் 'டாய் ஸ்டோரி 4' அப்படியொரு குறும்படம் இல்லாமலே வெளியானது. குறும்படங்கள் நின்றுவிடவில்லை, இணையத் தளத்துக்காகத் தனி வரிசையாக வருகின்றன. ஆனால் இருளில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் மூச்சைக் கேட்டுக்கொண்டே, இவர்களுக்கு இது புரிந்துவிட்டது, இனி வசனம் வேண்டாம் என்று ஓர் இளம் இயக்குநர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கே இல்லை.

'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' ஆகிய மூன்றும் பெருந்தொற்றுக் காலத்தில் ஓடிடி வழியாக வீடுகளுக்கு வந்தன. நாங்களும் வீட்டுக் கூடத்தில்தான் அவற்றைப் பார்த்தோம். 'சோல்' படத்தின் அந்தப் பியானோ காட்சியின்போது எங்கள் வீட்டிலேயே ஒருவர் கைப்பேசியை எடுத்தார், ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். அப்படிப் பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எடுக்கும் ஒருவருக்கு, காதில் விழுந்துகொண்டே இருக்கும் வசனத்தின் மேல் நம்பிக்கை வருவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 2024 மே மாதத்தில் பிக்சார் தன் ஊழியர்களில் சுமார் 14 விழுக்காட்டினரைப் பணிநீக்கம் செய்து, ஓடிடிக்கான தொடர்களைக் கைவிட்டுத் திரையரங்கப் படங்களுக்கே திரும்புவதாக முடிவெடுத்தது. வேலையிழந்தவர்களை நினைத்தால் அதில் மகிழ எதுவும் இல்லை என்றாலும், திரையரங்கை நோக்கிய அந்தத் திசை சரியானது என்றே நினைக்கிறேன்.

'எலியோ' படத்தை என் மகளோடு திரையரங்கில் பார்த்தேன். அமெரிக்காவில் அதன் முதல் வார இறுதி வசூல் பிக்சாரின் வரலாற்றிலேயே மிகக் குறைவானது. நாங்கள் பார்த்த காட்சியிலும் அரங்கு பெரும்பாலும் காலியாகவே இருந்தது. பெற்றோரை இழந்த சிறுவன் அருங்காட்சியகத்தில் ஆள் நுழையக்கூடாத ஒரு கூடத்துக்குள் தவறி நுழைந்து, வாயேஜர் விண்கலத்தைப் பற்றிய காட்சியை அண்ணாந்து பார்த்தபடி கண்ணீர் வடிக்கிறான். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு படம் பேசத் தொடங்கியது, அவளும் கையை எடுத்துக்கொண்டாள். பிக்சாரின் அடுத்த படத்துக்கும் நாங்கள் போவோம். முதல் பத்து நிமிடங்களில் எத்தனை வாக்கியங்கள் பாத்திரங்களுக்காகப் பேசப்படுகின்றன, எத்தனை நமக்காகப் பேசப்படுகின்றன என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.